பேழையும் பொருளும்

சென்ற ஆண்டுத் தைத்திங்களில் என் பழைய மாணாக்கர் ஒருவர், தம் தங்கையின் திருமணக் காட்சிகளைத் தம் செல்பேசியிற் படமாக்கி எனக்கு அனுப்பியிருந்தார். முழங்கால் நோவினால் நான் அம்மணவிழாவிற்குச் செல்ல இயலவில்லை. அக்குறை தீரக் காணலாம் என்னும் ஆவலுடன், என் வீட்டிலுள்ள பழைய கணினியில் அக்கோப்பினைத் திறந்தேன். நாகசுரம் கேட்டது; தவில் முழங்கிற்று; ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்னும் குரலும் தெளிவாக எழுந்தது. திரையோ அமாவாசை இரவு போல் இருண்டு கிடந்தது. மணமகளையும் காணேன்; மணமகனையும் காணேன்.

கோப்புப் பழுதுபட்டதோ என ஐயுற்று, மாணாக்கரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கணினித் துறையிற் பணியாற்றுபவர். “ஐயா, கோப்பில் ஒரு குறையும் இல்லை. பெட்டி திறந்துவிட்டது. பெட்டிக்குள் இரண்டு ஏடுகள் இருக்கின்றன. ஒன்றன் எழுத்தைத் தங்கள் கணினி அறியும், மற்றொன்றன் எழுத்தை அஃது இன்னும் கற்கவில்லை” என்றார். என்னிடம் யாப்பு பயின்றவர் ஆதலின், எனக்கு எப்படிச் சொன்னால் விளங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அன்று மாலையே அவர் அக்காட்சியை வேறொரு வடிவிற்கு மாற்றி அனுப்பினார். மணமக்களைக் கண்ணாரக் கண்டு வாழ்த்தினேன். மாணவர்களே, ஒரு வடிவிலுள்ள காணொளியை மற்றொரு வடிவிற்கு மாற்றும் இத்தொழில் இன்று வீடுதோறும் நிகழ்கின்றது. செய்வோர் பலர், செய்வது இன்னது என அறிந்து செய்வோர் சிலர். அறியாது செய்தமையால் நானே ஓர் அரும்பொருளை இழக்கும் நிலைக்கு வந்தேன். அதனைப் பின்னர்ச் சொல்வேன். வடிவ மாற்றம் என்பது எதனை எதுவாக மாற்றுவது என்பதை முதலிற் காண்போம்.

ஒரு காணொளிக் கோப்பின் பெயர்க்குப் பின்னே ஒரு புள்ளியும், அதன்பின் எம்பி4, எம்ஓவி, ஏவிஐ, எம்கேவி என்பன போன்ற ஒரு சிறு குறியும் நிற்றலைக் கண்டிருப்பீர்கள். அக்குறி உள்ளேயிருக்கும் படத்தின் தன்மையை உணர்த்துவது எனப் பலர் கருதுவர். அஃது அவ்வாறு அன்று. அது பேழையின் பெயர். பேழைக்குள்ளே படங்களின் தொடர் தனியே இருக்கும். ஒலி தனியே இருக்கும். சிலவற்றில் திரையின் அடியில் தோன்றும் மொழிபெயர்ப்பு வரிகளும் தனியே இருக்கும். இவற்றுடன், இன்ன நொடிக்கு இன்ன படமும் இன்ன ஒலியும் உரியன என்னும் காலக்குறிப்பும் இருக்கும். இக்குறிப்புப் பிறழுமாயின், பேசுவோர் வாய் மூடிய பின்னரே சொல் நம் செவிக்கு எட்டும்.

இப்பேழைகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிறுவனத்தாரால் செய்யப்பட்டவை. ஆப்பிள் நிறுவனத்தார் 1991-ஆம் ஆண்டில் குவிக்டைம் என்னும் அமைப்பினை வெளியிட்டனர். எம்ஓவி என்பது அதன் பேழை. மறு ஆண்டில் மைக்ரோசாப்ட்டு நிறுவனத்தார் ஏவிஐ என்னும் பேழையை வெளியிட்டனர். இன்று எங்கும் வழங்கும் எம்பி4, ஆப்பிளின் பேழையை அடியொற்றிப் பிற்காலத்தில் அமைந்தது. 2002-ஆம் ஆண்டில் தோன்றிய எம்கேவி என்னும் பேழைக்கு மத்ரோஸ்கா என்பது முழுப்பெயர். ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் உருசிய நாட்டு மரப்பாவைகளின் பெயரைத் தழுவி அப்பெயர் இடப்பட்டது. பேழையின் இயல்பை உணர்த்த இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது.

பேழை வேறு, உள்ளிருக்கும் படத்தொடர் எழுதப்பட்டுள்ள முறை வேறு. இம்முறையைக் ‘கோடெக்’ என்பர். நாம் குறிமுறை எனக் கொள்வோம். ஒரே குறிமுறையில் எழுதிய படத்தை எம்பி4 பேழையிலும் இடலாம்; எம்கேவி பேழையிலும் இடலாம். ஒரே வகைப் பேழைக்குள் வெவ்வேறு குறிமுறையில் எழுதிய படங்களும் இருத்தல் கூடும். 2003-ஆம் ஆண்டில் எச்.264 என்னும் குறிமுறை வகுக்கப்பட்டது. அதன்பின் 2013-ஆம் ஆண்டில் எச்.265 வந்தது. முன்னையது கொள்ளும் இடத்தில் ஏறத்தாழப் பாதியிலேயே அதே தெளிவுடன் படத்தை அடக்கிவிடல் பின்னையதன் நோக்கம். என் மாணாக்கரின் புதிய செல்பேசி பின்னையதில் எழுதிற்று. என் பழைய கணினி முன்னையதை மட்டுமே அறியும். ஒலியின் குறிமுறையோ இரண்டிற்கும் பொது. நாகசுரம் கேட்டதற்கும் மணமக்கள் மறைந்ததற்கும் காரணம் இதுவே.

‘படத்தைப் படமாகவே வைத்துவிட்டால் குறிமுறை எதற்கு?’ என நீங்கள் வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். இக்காலத் திரைப் படம் ஒன்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 ஆகப் படப்புள்ளிகள் நிரல்பட நிற்கும். இரண்டையும் பெருக்கினால் 20,73,600 படப்புள்ளிகள். ஒவ்வொன்றன் நிறத்தையும் குறிக்கச் செம்மை, பசுமை, நீலம் என மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே ஒரு படத்திற்கு 62,20,800 பைட்டுகள். கண்ணுக்கு அசைவு தோன்ற ஒரு நொடிக்கு 25 படங்கள் வேண்டும் எனின், நொடியொன்றுக்கு 15 கோடியே 55 லட்சத்து 20 ஆயிரம் பைட்டுகள் ஆகும். ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 560 ஜிகாபைட்டு. சிறிது காலத்திற்கு முன்வரை கடைகளில் விற்ற டிவிடி வட்டில் கொள்வது 4.7 ஜிகாபைட்டு. அதில் இப்படங்களை அப்படியே நிரப்பினால், அரை நிமிடத்திலேயே வட்டு நிறைந்துவிடும். மணமகன் தாலியைக் கையில் எடுப்பார். கட்டுவதற்குள் படம் முடிந்துவிடும்.

எனவே சுருக்கி எழுதுதல் தவிர்க்க முடியாதது ஆயிற்று. சுருக்கி எழுதுதல் நமக்குப் புதிதன்று. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய முன்னோர், மெய்யெழுத்திற்குரிய புள்ளியை இடாமலே எழுதினர். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பது காரணம். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேறுபாடும் காட்டிலர். அக்காலத்தில் ஏகாரத்திற்கு இன்றுள்ளது போன்ற கீழ்க்கோடு இல்லை. ஆகவே தீயைக் குறிக்கும் ‘எரி’ என்னும் சொல்லும், நீர்நிலையைக் குறிக்கும் ‘ஏரி’ என்னும் சொல்லும் ஓலையில் ஒரே வடிவாக நிற்கும். கற்றறிந்தோர் இடம் நோக்கி, விடுபட்ட புள்ளியைத் தம் அறிவினால் இட்டுப் படித்தனர். எழுதுவோர் விட்டதைப் படிப்போர் நிரப்புவர் என்னும் இவ்வுடன்பாடே காணொளிக் குறிமுறையின் உயிர்நிலை. எழுதும் கருவியும் படிக்கும் கருவியும் ஒரே இலக்கணத்தைக் கற்றிருத்தல் வேண்டும்.

குறிமுறை எதனை விடுகின்றது? முதலாவது, நிறத்தில் ஒரு பகுதியை விடுகின்றது. நம் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வினை நுணுகி அறியும்; நிறத்தின் நுட்பத்தை அத்துணை அறியாது. ஆதலின் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒளியளவைத் தனித்தனியே எழுதிவிட்டு, நிறக்குறிப்பினை நான்கு படப்புள்ளிகளுக்கு ஒன்றாக எழுதுவர். இஃது ஒன்றினாலேயே சுமை பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்து, படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுப்பர். டிவிடி வட்டில் வழங்கும் முறையில் ஒரு கட்டம் எட்டுக்கு எட்டு, அஃதாவது 64 படப்புள்ளிகள் கொண்டது. அந்த 64 ஒளியளவுகளையும் ஒரு கணித முறையால் வேறு 64 எண்களாக மாற்றுவர். அவற்றுள் முதல் எண் கட்டம் முழுவதன் சராசரி ஒளியைக் கூறும். அடுத்து வருவன மெல்ல மாறும் ஒளியைக் கூறும். இறுதியில் நிற்பன மயிரிழை போன்ற நுண்ணிய மாற்றங்களைக் கூறும். சுவரோ வானமோ ஆகிய கட்டத்தில் இறுதி எண்கள் பெரும்பாலும் மிகச் சிறியனவாகவே இருக்கும். அச்சிறியவற்றைச் சுழியமாக்கிவிடுவர். சுழியங்களை எழுத இடம் வேண்டா. கணித முறை எதனையும் அழிப்பதன்று. சுழியமாக்கும் அந்த ஒரு செயலே அழிப்பது. அழிந்தது மீளாது.

இக்கணித முறையை ஆங்கிலத்தில் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்பார்ம் என்பர். இதனை முதலில் எண்ணியவர் நசீர் அகமது என்பவர். இவர் 1940-ஆம் ஆண்டு பெங்களூரிற் பிறந்து, அமெரிக்காவில் கான்சாசு மாநிலப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்தவர். 1972-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். உதவி கிட்டவில்லை. ஆயினும் தளர்ந்தாரல்லர். தம் மாணவர் டி. நடராசனுடனும் தம் நண்பர் கே. ஆர். ராவுடனும் சேர்ந்து அதனை முடித்து, 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். சில பக்கமே உள்ள அக்கட்டுரையின் வழிவந்த முறைகளாலேயே இன்று செல்பேசியில் எடுக்கும் நிழற்படமும் காணொளியும் பெரும்பாலும் சுருங்கி அமைகின்றன. மறுக்கப்பட்ட விண்ணப்பம் ஒன்றன் பயனை உலகம் முழுவதும் துய்க்கின்றது.

மூன்றாவது சுருக்கம் காலத்தைப் பற்றியது. மிகுதியான சிக்கனம் தருவதும் இதுவே. திண்ணையில் ஒருவர் அமர்ந்து பேசுகின்றார் எனக் கொள்க. பின்னே சுவர், தூண், மாடத்தில் ஒரு விளக்கு. ஒரு நொடிக்குரிய 25 படங்களிலும் சுவர் அதே சுவர். தூண் அதே தூண். இருபத்தைந்து முறையும் அவற்றை எழுதுவது வீண் அன்றோ? ஆகவே முதற்படத்தை முழுமையாக எழுதிவிட்டுப் பின்வரும் படங்களுக்கு, ‘முன்போலவே, ஆனால் இக்கட்டம் இத்துணைப் புள்ளி இடப்புறம் நகர்ந்தது, இங்கு இவ்வளவு வேறுபாடு’ என்று மட்டும் குறிப்பர். எழுத வேண்டியன அவர் உதடும் கண்ணும் கையும் ஆகியவற்றின் அசைவே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நன்கு மனத்திற் கொள்க. அசையாத பொருளை எழுத இடம் குறைவாகவும், அசையும் பொருளை எழுத இடம் மிகுதியாகவும் வேண்டும். ‘நொடிக்கு இத்துணைப் பைட்டுக்கு மேல் எழுதாதே’ எனக் குறிமுறைக்கு நாம் கட்டளையிட்டால், அது சுவரை நன்றாகவே எழுதிவிடும். இடம் போதாமையால் கெடுவன அசைவனவே. உயிருள்ளதன் அசைவைக் காட்டுதற்கென்றே காணொளி பிறந்தது. நெருக்கடி வருங்கால் முதலில் இழப்பதும் அதுவே.

இனி வடிவ மாற்றத்திற்கு வருவோம். அது இருவகைப்படும். பேழையை மட்டும் மாற்றுவது ஒன்று. எம்கேவி பேழையிலிருந்து படத்தையும் ஒலியையும் எடுத்து, ஓர் எழுத்தும் திருத்தாமல் எம்பி4 பேழைக்குள் வைப்பது அது. சுவடியை ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு மாற்றுவது போன்றது. சுவடிக்கு ஒரு கேடும் இல்லை. புதிய பேழை அக்குறிமுறையை ஏற்கும் இயல்புடையதாக இருந்தால் மட்டுமே இது கூடும். மற்றொன்று, படத்தையே முற்றும் விரித்து, வேறொரு குறிமுறையில் மீண்டும் சுருக்கி எழுதுவது. இது சுவடியைப் பெயர்த்தெழுதுவது போன்றது. முன்னர் எழுதியவர் விட்டது விட்டதே. இப்போது எழுதுபவரும் தம் பங்கிற்குச் சில விடுவார். மூன்றாம் முறை எழுதினால் மூன்றாம் இழப்பு. இழப்பின்றியே சுருக்கும் குறிமுறைகளும் உள்ளன. அவை மிகுந்த இடம் கொள்வன ஆதலின் பொதுமக்கள் அவற்றைப் பயன்படுத்துவது குறைவு.

எவ்வகை மாற்றம் நிகழ்ந்தது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அது கடிகாரம். இரண்டு மணி நேரத் திரைப்படம் ஓரிரு நிமிடத்திற்குள் மாறிவிட்டது எனின், பெரும்பாலும் பேழை மட்டுமே மாறிற்று என்க. கணினி சூடேறி, உள்விசிறி இரைந்து, நெடுநேரம் கழித்து முடிந்தது எனின் படம் பெயர்த்தெழுதப்பட்டது. கோப்பின் பெயரிலுள்ள எம்கேவி என்னும் குறியை அழித்து எம்பி4 எனத் தட்டச்சிட்டுவிட்டு, ‘மாற்றிவிட்டேன்’ என மகிழும் பிள்ளைகளையும் கண்டிருக்கின்றேன். அது மிளகாய்த் தூள் இருக்கும் குப்பிமேல் சர்க்கரை என எழுதி ஒட்டுவதையே ஒக்கும்.

மாற்றுதற்குரிய கருவி விலை கொடுத்து வாங்க வேண்டுவதன்று. பிரான்சு நாட்டினரான பாப்ரிசு பெல்லார்டு என்பவர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய எப்எப்எம்பெக் என்னும் மென்பொருள் யாவர்க்கும் இலவசம். கடைகளில் வேறு வேறு பெயருடன் வரும் மாற்றுக் கருவிகள் பலவற்றின் உள்ளேயும் அதுவே நின்று உழைக்கின்றது. பாரிசு நகரப் பொறியியற் கல்லூரி ஒன்றன் மாணவர்கள் 1996-ஆம் ஆண்டில் தொடங்கிய பணியே, ஏறத்தாழ எல்லாக் குறிமுறைகளையும் படித்துக் காட்டும் விஎல்சி என்னும் மென்பொருளாக வளர்ந்தது. நான் முதலிலேயே அதனை என் கணினியில் இட்டிருந்தால் மணமக்களை உடனே கண்டிருக்கலாம் என மாணாக்கர் பின்னர் உரைத்தார். அஃதாவது, மாற்றவே வேண்டியிருந்திராது. படிக்கக் கற்பித்தால் போதும் என்னும் இடத்தில் பலர் பெயர்த்தெழுதத் தொடங்கிவிடுகின்றனர்.

நொடிக்கு எத்தனை படம் என்பதிலும் மாற்றம் நிகழ்வதுண்டு. திரையரங்கப் படம் நொடிக்கு 24 படங்கள் கொண்டது. இந்தியத் தொலைக்காட்சி நெடுங்காலம் கையாண்ட பால் என்னும் முறை 25 படங்கள் கொண்டது. ஒன்றை மற்றொன்றாக்க, பலர் படத்தைச் சற்று விரைவாக ஓட்டிவிட்டனர். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். உடன் ஒலியும் விரைவதால், தனியே சரிசெய்யாவிடில், சுருதி ஒரு சுரத்தானத்திற்குச் சற்றுக் குறையாக உயர்ந்துவிடும். பழைய பாடலொன்றை வீட்டில் வட்டிற் கேட்டுவிட்டு, ‘திரையரங்கில் கேட்டது போல் இல்லையே’ என்று இசையறிந்தோர் சிலர் கூறியதுண்டு. அவர் செவி பழுதன்று.

இனி, முன்னர்ச் சொல்வேன் என்றதைச் சொல்கின்றேன். எனக்கு யாப்பிலக்கணம் கற்பித்த ஆசிரியர், 1991-ஆம் ஆண்டில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வெண்பாவை அலகிடும் முறையை 40 நிமிடம் விளக்கினார். அவர்தம் மாணாக்கருள் ஒருவர் ஒளிப்படக் கருவி ஒன்றை இரவல் பெற்று அதனை விஎச்எசு நாடாவிற் பதிந்தார். அதன் படியொன்றை எனக்கும் அளித்தார். ஆசிரியர் வாயால் மட்டும் பாடம் சொல்பவர் அல்லர். நேரசைக்கு ஒரு விரல், நிரையசைக்கு இரு விரல் எனச் சேர்த்தும் பிரித்தும் காட்டுவார். சீர் முடியுமிடத்தில் கட்டைவிரலை மடக்குவார். தளை பிறழ்ந்தால் கை அப்படியே நின்றுவிடும். அவர் கையைப் பார்த்தே வெண்பா கற்றவர்கள் நாங்கள்.

2003-ஆம் ஆண்டில் நான் அந்நாடாவை நகரத்துக் கடை ஒன்றிற் கொடுத்து, விசிடி வட்டாக மாற்றினேன். விசிடி என்பது 1993-ஆம் ஆண்டு வந்த முறை. அகலம் 352, உயரம் 288 படப்புள்ளிகளே கொண்டது. ‘வட்டு வந்தபின் நாடா எதற்கு, ஐயா?’ என்றார் கடைக்காரர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நாடாவை அவரிடமே விட்டு வந்தேன். அதன்மேல் அவர் திரைப்பாடல்களைப் பதிந்திருப்பார். 2009-ஆம் ஆண்டில் உறவினப் பிள்ளை ஒருவன், எங்குச் சென்றாலும் காணலாமே என்று, வட்டிலுள்ளதைச் செல்பேசிக்குரிய 3ஜிபி வடிவிற்கு மாற்றித் தந்தான். அதில் அகலம் 176, உயரம் 144. முன்னையதில் சரியாக நாலில் ஒரு பங்கு. சில ஆண்டிற்குப் பின் வட்டு கீறலுற்றுப் படியாமற் போயிற்று.

ஆசிரியரின் நூற்றாண்டு வந்தது. விழா அரங்கில் அக்காட்சியைப் பெரிய திரையிற் காட்ட விரும்பினோம். கையிலிருந்ததோ அந்தச் சிறு கோப்பு ஒன்றே. அதனை 1920-க்கு 1080 ஆக மாற்றித் தருவதாக ஒருவர் ஏற்றுக்கொண்டு, மாற்றியும் தந்தார். கோப்பு முன்னையினும் பன்மடங்கு பெரிதாயிருந்தது. ஓட்டிப் பார்த்தோம். சுவர் தெரிந்தது, தூண் தெரிந்தது, ஆசிரியரின் குரல் தகரக்குழாய்க்குள்ளிருந்து வருவது போல் வந்தது. முகத்தில் சதுரம் சதுரமாக ஏதோ நெளிந்தது. விரல்கள் இல்லை. கையிருந்த இடத்தில் மங்கிய ஒரு திரள் மட்டும் மேலும் கீழும் அசைந்தது. எண்பதுக்கு மேற்பட்ட புதிய புள்ளிகளை ஒரு பழைய புள்ளியிலிருந்து கருவி தானே கற்பித்து நிரப்பியிருந்தது. கற்பித்தது என்பதன் பொருள், இல்லாததை இட்டது என்பதே. பின்வரிசையில் இருந்த என் ஒருசாலை மாணாக்கர் ஒருவர் எழுந்து வெளியே சென்றுவிட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. மறுநாள், அக்காட்சியை முதலிற் பதிந்தவரைத் தேடிச் சென்றேன். எனக்குத் தந்தது படிதானே, முதல் நாடா எங்கே என வினவினேன். அவர் மனைவியார் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்குவித்தார். அதற்குள் உறையுடன் நாடா இருந்தது. சுருளின் ஓரத்தில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. உடனே ஓட்டிப் பார்க்க என் கை துடித்தது. தொலைபேசியில் என் மாணாக்கர் தடுத்தார். பூஞ்சையுடன் ஓட்டினால் நாடாவும் கெடும், கருவியின் தலையும் கெடும் என்றார்.

ஓட்டுதற்குக் கருவி வேண்டுமே! அத்தகைய நாடாக் கருவிகளைக் கடைசிவரை செய்து வந்த சப்பானிய நிறுவனமான பூனாய், 2016-ஆம் ஆண்டு சூலைத் திங்களோடு அவற்றைச் செய்வதை நிறுத்திவிட்டது. நாடா நன்றாக இருந்தும் படிக்கும் கருவி இல்லாத காலம் நெருங்கி வருகின்றது. என் மாணாக்கர் நான்கு திங்கள் தேடி, பழுதுபார்க்கும் ஒருவரிடம் ஒரு கருவியைக் கண்டெடுத்தார். நாடாவைப் பொறுமையுடன் தூய்மை செய்வித்து, அகலம் 720, உயரம் 576 படப்புள்ளிகளாகக் கணினியிற் பதிந்தார். எப்எப்வி1 என்னும் இழப்பில்லாக் குறிமுறையில் எழுதி, எம்கேவி பேழையில் இட்டார். ஆவணக் காப்பகத்தார் பலர் மேற்கொள்ளும் முறை அது. நாற்பது நிமிடத்திற்கு ஏறத்தாழ 20 ஜிகாபைட்டு ஆயிற்று. அதனை இரண்டு வன்தட்டுகளில் இரண்டு ஊர்களில் வைத்தோம். அதனைப் பார்த்து எழுதிய எச்.264 படி ஒன்றே நாங்கள் எல்லோரும் செல்பேசியிற் காண்பது. அது 450 மெகாபைட்டு. நாளை வேறு குறிமுறை வந்து இப்படி பழையதாகிவிட்டால், மீண்டும் முதலிலிருந்தே புதிய படி எழுதிக்கொள்ளலாம். படியிலிருந்து படி எழுத வேண்டா.

நாடாவில் முப்பத்து மூன்றாம் நிமிடத்தில் மூன்று நொடி நேரம் வெண்கோடுகள் குறுக்கே ஓடுகின்றன. பூஞ்சை தின்ற இடம் அது. அதனை வெட்டி நீக்கலாம் என்றார் ஒருவர். நாங்கள் வேண்டா என்றோம். மற்ற இடமெல்லாம் ஆசிரியர் தெளிவாக இருக்கின்றார். பழைய நாடாவுக்கே உரிய சிறு நடுக்கம் உண்டு. நிறம் சற்று வெளிறியுள்ளது. ஆனால் விரல்கள் ஐந்தும் தனித்தனியே தெரிகின்றன. ஓர் அடியில் மோனை அமைந்த இடம் வரும்போதெல்லாம் அவர் சுட்டுவிரலை மட்டும் சிறிதே உயர்த்தித் தாழ்த்துகின்றார். அவர் அவ்வாறு செய்வதுண்டு என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.